கல்யாணச் சத்திரத்தில் கனி ஆடிய ஆட்டம்

மணமேடையில், மாப்பிள்ளை உட்கார வேண்டிய இடத்தில், தேவராஜ் சார் உட்கார்ந்திருந்தார். கையில் டபரா டம்ளர். எதிரே, பந்தி போடும் நீளக் கூடத்தில், இரண்டு தூண்களுக்கு நடுவே நாங்கள் நெட் கட்டியிருந்தோம். தரையில் சுண்ணாம்புக் கோடு. மேலே போன முகூர்த்தத்தின் மாவிலைத் தோரணம் காய்ந்து சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே மழை.

திருச்சி புத்தூரில் ஒரு கல்யாணச் சத்திரம் அது. மார்கழி மாதம். மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஆகவே சத்திரத்துக்கு வேலை இல்லை. மழையில் எங்கள் கோர்ட் குளமாகக் கிடந்தது, ஆகவே எங்களுக்கும் வேலை இல்லை. சத்திரத்து மேனேஜரைக் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அந்தக் கூடத்தை ஒரு மத்தியானத்துக்கு வாங்கியிருந்தோம்.

நெட்டுக்கு அந்தப் பக்கம் அப்துல் கனி நின்றான். குடைக் கடையிலிருந்து நேரே வந்திருந்தான். விரல் நுனியெல்லாம் குடைத் துணியின் கறுப்புச் சாயம். இந்தப் பக்கம் நான்.

தேவராஜ் சார் கோயம்புத்தூர்ப் பக்கத்து மில் ஒன்றின் பால் பாட்மின்டன் டீமுக்கு ஆள் பிடிக்கிறவர். கனியின் ஆட்டம் அவருக்குப் பிடித்தால் மில்லில் வேலை. பிடிக்காவிட்டால் தை பிறந்ததும் கனி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற வேண்டும். பினாங்கில் மாமா கடை. அங்கே போனவர்கள் வந்தால் கல்யாணத்துக்கு வருவார்கள், இல்லாவிட்டால் மய்யித்து எடுக்க வருவார்கள் என்று கனியே சொல்வான்.

ஆடத் தொடங்கினோம். முதல் பந்தைக் கனி வெளியே அடித்தான். இரண்டாவதும் வெளியே. மூன்றாவதும்.

ஆறாவது ஆள்

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி எங்களை அறிமுகம் செய்துவிடுகிறேன். போன வாரம் ஸ்ரீரங்கத்து ஓட்டல்களைப் பற்றி எழுதும்போது, ‘புத்தூரில் பந்தாடிவிட்டு வந்த பசியில்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். ‘நீங்கள் பந்தாடுவீர்களா, நம்பவே முடியவில்லையே’ என்று வாசகர்கள் கார்டு போட்டிருக்கிறார்கள். நம்ப வேண்டாம். ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தில் நான் ஆறாவது ஆள்.

பால் பாட்மின்டன் தெரியாத இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக: இறகுப் பந்து அல்ல, கம்பளி நூல் சுற்றிய மஞ்சள் பந்து, பெரிய எலுமிச்சம்பழம் அளவு. நரம்பு கட்டிய மட்டை. பக்கத்துக்கு ஐந்து பேர். மண் தரை, திறந்த வெளி, சாயங்கால வெயில். அந்த நாளில் திருச்சிராப்பள்ளியில் இரண்டு தெருவுக்கு ஒரு கோர்ட் இருந்தது. யாருக்காவது கால் சுளுக்கினால் எனக்கு யோகம். மற்ற நாளில் பந்து பொறுக்குவேன், அம்பயரோடு சண்டை போடுவேன். இரண்டாவது காரியத்தில் எனக்கு நல்ல பெயர் இருந்தது.

எங்கள் கிளப் புத்தூரில், வாய்க்கால் ஓரம். காப்டன் வரதராஜன், எல்லோருக்கும் வரதண்ணா. ஸ்ரீரங்கத்தில் எனக்குப் பக்கத்து வீடு. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நெற்றியில் திருமண், தலையில் குடுமி, காலில் கான்வாஸ் ஷூ. அந்தக் கோலத்தில் அவர் எகிறி அடிப்பதைப் பார்க்கவே வெளியூரில் கூட்டம் வரும்.

ஆனால் டீம் என்றால் கனிதான். முன் வரிசையில் இடது பக்கம் நிற்பான். கையில் பெரிய பலம் ஒன்றும் கிடையாது. அவன் ஆட்டமே வேறு. பந்தைக் கோட்டுக்கு வெளியே போகிற மாதிரி அடிப்பான். ‘அவுட்டுப்பா, விடு’ என்று எதிராளி மட்டையைத் தாழ்த்துவான். பந்து போய்க்கொண்டே இருந்து, கடைசியில் மனசு மாறினதுபோல் வளைந்து, கோட்டுக்கு உள்ளே விழும். எதிராளி வாயில் ஈ போவது தெரியாமல் நிற்பான். திருச்சி, தஞ்சாவூர், மதுரை, எத்தனையோ ஊர் ஆட்டக்காரர்கள் அப்படி நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆட்டம் இல்லாத மாதங்கள்

தையிலிருந்து புரட்டாசி வரை எங்களுக்கு சீசன். ஐப்பசி பிறந்தால் மழை. கோர்ட்டில் தவளைகள் ஆடும்.

மழைக் காலத்தில் மட்டை நரம்பு தளர்ந்துவிடும். சூட்டிலே வைத்தால்தான் பிழைக்கும். மற்றவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார்கள். எனக்கும் வரதண்ணாவுக்கும் அது நடக்காது. நரம்பு ஆட்டுக் குடலில் செய்தது. ஆசாரமான ஐயங்கார் வீட்டு மடைப்பள்ளிக்குள் அதைக் கொண்டுபோனால் மட்டையோடு எங்களையும் சேர்த்து வெளியே தள்ளியிருப்பார்கள். அதனால் எங்கள் மட்டைகள் இரண்டும் மழை மாதங்கள் பூராவும் கனி வீட்டு அடுப்படியில் தொங்கும். கனியின் அம்மா தினம் அதைத் துடைத்துத் திருப்பிப் போடுவார். சீசன் தொடங்கும்போது எடுத்தால் என் மட்டையிலிருந்து லேசாக நெய்ச்சோற்று வாசனை வரும். மூக்குக்கு அருகில் வைத்து ரகசியமாக ஒரு தரம் இழுத்துக்கொள்வேன்.

எங்களுக்கு ஆட்டம் இல்லாத மாதங்கள்தான் கனியின் குடும்பத்துக்கு சீசன். பெரிய கடை வீதியில் அவர்களுக்குக் குடைக் கடை. அத்தா, அதாவது அப்பா, இப்ராஹிம் ராவுத்தர் முன்னால் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பார். கனி பின்னால் உட்கார்ந்து கம்பி மாற்றுவான், துணி தைப்பான், குடையை விரித்து மடக்கி விரித்து மடக்கிச் சோதிப்பான். அவனுடைய மணிக்கட்டு அதில்தான் தேறியது என்று வரதண்ணா நம்பினார். ஒரு வருஷம் டீம் முழுவதையும் குடை மடக்கப் பழகச் சொன்னார். நாங்கள் இரண்டு குடையை உடைத்ததும் ராவுத்தர் எங்களை அன்போடு வெளியே அனுப்பிவிட்டார்.

பேஸ்பால் என்று ஒரு சமாசாரம்

குடையைச் சுற்றிக் கொடுக்க ராவுத்தர் கடையில் பழைய பேப்பர் எடைக்கு வாங்குவார்கள். அதில் எப்போதாவது அமெரிக்கப் பத்திரிகை வரும். வழவழப்பான தாள், பெரிய பெரிய படம். மழை நாள் சாயங்காலங்களில் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து அதைப் புரட்டுவோம். நான் பி.ஏ. என்பதால் படித்துச் சொல்வது என் பொறுப்பு.

அப்படித்தான் பேஸ்பால் எங்களுக்கு அறிமுகம். கில்லியும் இல்லாமல் கிரிக்கெட்டும் இல்லாமல் ஒரு ஆட்டம். எப்படி ஆடுகிறார்கள் என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை. ஆனால் ஒரு கட்டுரை நன்றாக விளங்கியது. அது ஆட்டத்தைப் பற்றியது அல்ல, ஆட்டம் இல்லாத மாதங்களைப் பற்றியது.

அங்கே குளிர்காலத்தில் பனி கொட்டும், மைதானத்தைப் பூட்டிவிடுவார்கள். ஆனால் அந்த ஆட்டத்தின் பெரிய பெரிய சங்கதிகளெல்லாம் அப்போதுதான் நடக்குமாம். முதலாளிகள் ஓட்டலில் கூடி ஆட்டக்காரர்களைப் பண்டமாற்று செய்துகொள்வார்களாம். நேற்று வரை ஒரு ஊரின் செல்லப் பிள்ளையாக இருந்தவன், காலையில் பேப்பரைப் பிரித்தால் தான் வேறு ஊர்க்காரனாகிவிட்டது தெரியுமாம். ஒரு ஆட்டக்காரனை ஒரு வான்கோழிக்குக் கொடுத்தார்களாம். ஒரு சமயம் டீமே மூட்டை கட்டிக்கொண்டு தேசத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விட, மிச்சமிருந்த ஊர்க்காரர்கள் தெருவில் நின்று அழுதார்களாம். பெரிய பெரிய வீரர்கள்கூட குளிர்காலத்தில் ஜவுளிக் கடையில் கோட்டு விற்பார்களாம்.

கனிக்கு அந்தக் கடைசிச் செய்தி ரொம்பப் பிடித்துவிட்டது. “அங்கயும் கடைல உக்கார்றாங்களா? அப்ப நம்மள மாதிரிதான்” என்றான்.

வரதண்ணாவுக்கு வான்கோழி பொறுக்கவில்லை. “ஆளைக் கேக்காம ஆளை விக்கறதா? ஆட்டக்காரனா, சந்தை மாடா? பகவானுக்கே அடுக்காது.”

“அண்ணே, நம்மள வித்தா என்ன கெடைக்கும்?”

“ஒன்னை யார்டா வாங்குவா? ஓட்டைக் குடையைக் கொசுறாக் குடுத்தாலும் வாங்க மாட்டா.”

கனி விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்த மழைக் காலத்தில் அவனை வாங்கிக்கொள்ளச் சொல்லி வரதண்ணாவே இன்னொரு டீமிடம் கேட்கப்போகிறார் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நாங்களும் சிரித்திருப்போம்.

கொடுக்க மாட்டேன் என்று சொன்ன வாய்

அந்த வருஷம் புரட்டாசியில், கடைசி டோர்னமெண்ட் முடிந்த கையோடு, தேவராஜ் சார் முதல் தடவை வந்தார். கனியை மில் டீமுக்குக் கேட்டார். மில் டீம் எங்களுக்குப் பரம வைரி. வரதண்ணா அவருக்குக் காப்பிகூடக் கொடுக்கவில்லை. “எங்க கனியைக் கொடுக்கறதுக்கு இல்லை, போய்ட்டு வாங்கோ” என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார். எங்களுக்கெல்லாம் அதில் ஒரே பெருமை.

கார்த்திகையில் நானும் வரதண்ணாவும் ராவுத்தர் கடைக்குப் போனபோதுதான் தலையில் இடி விழுந்தது.

“சாமி, ஒங்ககிட்ட சொல்லாம இருக்கக் கூடாது” என்றார் ராவுத்தர். அவர் குரல் எப்போதும் மெதுவாகவே இருக்கும். “கடை ரெண்டு பேருக்குச் சோறு போடாது. பெரியவன் இருக்கான், போதும். கனிய பினாங்குக்கு அனுப்பலாம்னு இருக்கேன். அவன் மாமா வரச் சொல்லிட்டாரு. தை பொறந்தா கப்பல்ல சபர்.”

“இங்கேயே ஏதாவது வேலை பார்த்தா ஆகாதா பாய்?” என்றார் வரதண்ணா.

“யாரு குடுக்குறா சாமி? பந்தடிக்கிறது வயித்துக்கு ஆவுமா?”

கனி குடைக் கம்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அத்தா பேச்சுக்கு எதிர்ப் பேச்சுப் பேசும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. நாங்கள் வெளியே வந்தபோது வாசல் வரை கூடவே வந்தான். “அங்கெல்லாம் பேட்டைத் தூக்கிட்டுப் போயி என்னண்ணே பண்றது? கடைய விட்டா ரூமு, ரூமை விட்டா கடைன்னு மாமா எழுதுறாரு” என்றான். கண் கலங்கியிருந்தது. மழையில் நனைந்த முகம் என்று நாங்களும் காட்டிக்கொள்ளாமல் இருந்துவிட்டோம்.

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினோம். பாலம் தாண்டும்போது, காவேரி இரண்டு கரையும் புரண்டு செக்கச்செவேலென்று போய்க்கொண்டிருந்தது. “கோபாலா, நாளைக்குக் கோயம்புத்தூருக்கு ட்ரங்க் கால் போடணும்” என்றார் வரதண்ணா என்னிடம்.

கிளப்பில் மற்றவர்கள் கொதித்துவிட்டார்கள். கனி இல்லாமல் டீம் எது, அதுவும் மில்காரனுக்கா என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். வரதண்ணா எல்லாரையும் கத்த விட்டார்.

“கப்பல் ஏறிட்டா அவன் ஆட்டமே போச்சு. மில்லுக்குப் போனா நமக்குத்தான் போச்சு. எது பரவாயில்லைன்னு நீங்களே சொல்லுங்கோ” என்றார்.

எனக்கு அவர் மேல் வந்த மரியாதை அன்று வந்தது, இன்று வரை போகவில்லை.

சாரல் அடிக்கும், கதவைச் சாத்து

தேவராஜ் சாரும் லேசுப்பட்டவர் அல்ல. காப்பி கிடைக்காத கோபம் அவருக்கு இருக்காதா? “டோர்னமெண்ட்ல பாத்தது பாத்ததுதானுங்க. ஆனா மேனேஜ்மெண்ட்ல இப்ப ஒரே ஒரு எடம்தான் இருக்குது. மார்கழியில வர்றேன், மறுபடியும் ஆடிக் காட்டச் சொல்லுங்க” என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை என்பார்கள். அந்த வருஷம் மழைக்கு அந்தப் பழமொழி தெரியவில்லை. மார்கழியிலும் விடாமல் கொட்டியது. அதனால்தான் சத்திரம்.

ஸ்ரீரங்கத்தில் அது வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின பகல் பத்து உற்சவம் நடக்கும் சமயம். வரதண்ணாவின் குடும்பம் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டியில் உண்டு. நாள் முழுக்கப் பெருமாள் சந்நிதியில் இருக்க வேண்டியவர். “பெருமாள்கிட்ட விண்ணப்பம் பண்ணிண்டு வந்துட்டேன். அவர் சரின்னுட்டார், எங்கப்பாதான் சரிங்கலை” என்று ஈரத் தலையோடு வந்து இறங்கினார்.

ராவுத்தரையும் அழைத்து வந்திருந்தார். அதுதான் பெரிய காரியம். மழை நாளில் குடைக் கடைக்காரர் கடையை விட்டு வருவதாவது! மகன் ஆடி அவர் பார்த்ததே இல்லை. கூடத்தின் ஓரம் ஒரு முக்காலியில், குடையை மடியில் வைத்துக்கொண்டு, பெண் வீட்டார் மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தார். மணமேடையில் தேவராஜ் சார். பெண் பார்க்கும் படலத்துக்கு சொஜ்ஜி பஜ்ஜி ஒன்றுதான் பாக்கி.

முழு ஆட்டத்துக்குக் கூடம் போதாது. ஆளுக்கு ஒரு பக்கமாக, அரை கோர்ட்டில் கனி ஆடிக் காட்டுவது என்று ஏற்பாடு. எதிரே நிற்க என்னைப் போட்டார் வரதண்ணா. காரணத்தை அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். என்னை ஜெயிப்பது சுலபம்.

கம்பளிப் பந்து ஈரம் பட்டால் கனத்துவிடும், மட்டையிலிருந்து எகிறாது. அது எங்களுக்குப் பாலபாடம். “சாரல் அடிக்கும், கதவைச் சாத்துங்கோ. பந்து ஒரு சொட்டு நனையப்படாது” என்றார் வரதண்ணா. வாசல் கதவையும் சாத்தினோம், கொல்லைக் கதவையும் சாத்தினோம். ஜன்னல்களுக்குச் சாக்குத் திரை தொங்கவிட்டோம். பந்தாட்டக்காரர்களுக்கே உரிய புத்திசாலித்தனம்.

அதற்குப் பிறகுதான் நான் தொடக்கத்தில் சொன்னது நடந்தது. முதல் பந்து வெளியே. இரண்டாவது வெளியே. மூன்றாவது வெளியே.

நான் நன்றாக ஆடினால்

அதைவிட மோசம், நான் பிரமாதமாக ஆடினேன்.

என் வாழ்நாளில் அப்படி ஆடியதில்லை. வைத்த இடத்தில் பந்து விழுந்தது. கனி இடது பக்கம் ஓடினால் வலது பக்கம் விழுந்தது. வேண்டுமென்றே நான்கைந்து பந்துகளை விட்டுக்கொடுக்கப் பார்த்தேன், அவன் அவற்றையும் வெளியே அடித்தான்.

தேவராஜ் சார் காப்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைச் சுட்டிக்காட்டினார். “அவரு யாருங்க? நல்லா ஆடறாரே. அவருக்கு வேலை வேணுமா?”

வரதண்ணாவின் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. பந்து எடுக்கிற சாக்கில் என் பக்கம் வந்தார். “ஏன்டா பாவி, இத்தனை வருஷமா வராத ஆட்டம் இன்னிக்குத்தான் ஒனக்கு வரணுமா?” என்று பல்லைக் கடித்தார்.

கனி முட்டியில் கையை ஊன்றிக் குனிந்து நின்றான். ராவுத்தர் மடியில் இருந்த குடையின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். மகனைப் பார்க்கவில்லை. ‘இதற்குத்தானா இத்தனை வருஷம் போனாய்’ என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவன் கப்பலேறினாலும் மில்லுக்குப் போனாலும் அவன் இடம் எனக்கு, டீமில் நான் ஐந்தாவது ஆள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் அந்த இடம் எனக்கு வேண்டியிருக்கவில்லை. என் சிநேகிதன் பினாங்கில் ஒரு ரூமில் உட்கார்ந்திருப்பது மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனால் எனக்கு ஒரு புத்தி உண்டு. நான் நன்றாக ஆடுகிறேன் என்றால் எங்கோ ஏதோ தப்பு என்று எனக்கே தெரியும். எங்கே தப்பு?

மழை மாதங்களில் நான் எங்கே ஆடுகிறேன்? எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. ஒரு பக்கம் எங்கள் கொல்லைச் சுவர், மறு பக்கம் மூன்று ஆள் உயரம் இருக்கும் பழைய மதில். மேலே பாதிக்குக் கீற்று. சுவரில் பந்தை அடித்து நானே எடுப்பேன், எதிரே நிற்க ஆள் கிடைக்காத ஆறாவது ஆள் வேறு என்ன செய்வான்? அந்தச் சந்தில் ஒரு இலை அசையாது. அடித்த பந்து அடித்தபடி போகும்.

இந்தக் கூடத்திலும் இலை அசையவில்லை. தோரணத்து மாவிலை அப்படியே தொங்கியது.

கனி பிறந்ததிலிருந்து வாய்க்கால் கரையில் ஆடினவன். ஆடிக் காற்று, சித்திரைக் காற்று, வாடை எல்லாம் தெரியும். அவன் பந்தை வெளியேதான் அடிப்பான், காற்றுதான் அதை உள்ளே கொண்டுவந்து போடும். அந்தக் காற்றை நாங்கள் நான்கு பக்கமும் கதவைச் சாத்தி வெளியே நிறுத்திவிட்டோம். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்த கதை.

“அண்ணா, கதவைத் திறங்கோ!” என்று கத்தினேன்.

“பந்து நனைஞ்சுடும்டா.”

“நனையட்டும். காத்து வேணும் அண்ணா, காத்து!”

வரதண்ணா ஒரு கணம் என்னைப் பார்த்தார், ஒரு கணம் கனியைப் பார்த்தார். அப்புறம் குடுமி அவிழ ஓடினார். அவர் வாசல் கதவைத் திறக்க, நான் கொல்லைக் கதவைத் திறந்தேன்.

வாடை கூடத்துக்குள் புகுந்து அந்தப் பக்கமாக ஓடியது. மாவிலைகள் சலசலத்துப் பாதி உதிர்ந்தன. சாரல் முகத்தில் அடித்தது. எங்கிருந்தோ ஈர மண் வாசனையும் சத்திரத்து அடுப்பங்கரையின் பழைய நெய் வாசனையும் சேர்ந்து வந்தன. கனி நிமிர்ந்தான். கன்னத்தை ஒரு பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு சிரித்தான்.

“கோபாலு, போடு” என்றான்.

போட்டேன். அடித்தான். தூணுக்கு வெளியே போகிறது, சந்தேகமே இல்லை, விட்டுவிட்டேன். கோட்டுக்கு உள்ளே, என் காலடியில் விழுந்தது.

அப்புறம் நான் பழைய கோபாலன் ஆகிவிட்டேன். விட்ட பந்தெல்லாம் உள்ளே விழுந்தது, அடித்த பந்தெல்லாம் வெளியே போனது. பந்து ஈரமாகிக் கனத்தது. கனி அதற்கும் தகுந்தபடி கையை மாற்றிக்கொண்டான். தேவராஜ் சார் மணமேடையை விட்டு இறங்கிக் கோட்டோரம் வந்து, சாரலில் நனைந்துகொண்டு நின்றார்.

“எங்க ஊர் கோர்ட்ல பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்குதுங்க. எங்க பசங்க அதத் திட்டிக்கிட்டே ஆடறாங்க. இவரு அதுகூட சேந்து ஆடறாரே!” என்றார். “பொங்கல் கழிச்சு வந்து சேந்துக்கங்க தம்பி.”

ராவுத்தர் கேட்ட கேள்வி

கனி அத்தாவைப் பார்த்தான். எல்லாரும் அவரையே பார்த்தோம். அவர் எழுந்து வந்து, ஈரப் பந்தைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார்.

“இதுக்கு வேலை குடுக்குறாங்களா?” என்றார். கேலி இல்லை. நிஜமாகவே ஆச்சரியம்.

“குடுக்கறோம் பாய். பெர்மனெண்ட்” என்றார் தேவராஜ் சார்.

ராவுத்தர் பந்தை உள்ளங்கையில் உருட்டினார். “பினாங்குல அவன் மாமா இருக்காரு. மாமியும் புள்ளைங்களும் இருக்கு. காச்ச தலவலின்னா பாப்பாங்க. ஒங்க ஊர்ல அவனுக்கு யாரு இருக்கா?”

“டீம் இருக்குதுங்க...” என்று இழுத்தார் தேவராஜ் சார். அந்தப் பதில் போதாது என்று அவருக்கே தெரிந்திருந்தது.

வரதண்ணா முன்னால் வந்தார். “பாய், வருஷா வருஷம் அவா ஊர்ல டோர்னமெண்ட் உண்டு. நாங்க வருவோம். ஜெயிக்கறதுக்கு இனிமே எங்களால ஆகாது. தோக்கறதுக்காவது வருவோம். நீங்களும் எங்களோட வாங்கோ. வந்து ஒங்க பிள்ளையைப் பாத்துட்டு வரலாம்.”

ராவுத்தர் வரதண்ணா பக்கம் திரும்பினார். “பினாங்குக்கு டீம் போவாதுல்ல சாமி?” என்றார்.

“போகாது பாய்.”

“அப்ப அவன் இங்கனயே இருக்கட்டும்” என்றார். பந்தைக் கனியின் கையில் வைத்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

கனி வரதண்ணாவைக் கட்டிக்கொண்டான். மார்கழியில், பகல் பத்தில், மடியாக வந்த மனுஷர். மறுபடி ஸ்நானம் பண்ண வேண்டுமே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தோற்கப் போனோம்

பொங்கல் கழித்துக் கனி ரயிலேறினான். தையில் கோர்ட் காய்ந்து, புதுச் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடத் தொடங்கியபோது முன் வரிசை இடது பக்கத்தில் நான் நின்றேன். ஆசைப்பட்ட இடம்தான். முதல் சாயங்காலம் ஐந்து பேரும், யாரும் யாரையும் பார்க்காமல் ஆடினோம்.

சித்திரையில் டோர்னமெண்டுக்கு மில்காரர்கள் ஊருக்குப் போனோம். குடைக் கடைக்கு வேலை இல்லாத மாதம், ராவுத்தரும் எங்களோடு வந்தார். மில் கோர்ட்டில் பெரிய கூட்டம். ராவுத்தர் எங்கள் பக்கத்து பெஞ்சில், எங்கள் தண்ணீர்க் கூஜாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கே நாற்காலி போட்டிருக்கிறது, மகன் பக்கம் போய் உட்காருங்கள் என்று மில்காரர்கள் வந்து அழைத்தும் எழுந்திருக்கவில்லை.

கனி மில் டீமின் நீல பனியனில் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தான். மெஸ் சாப்பாடு ஒத்துக்கொண்டிருந்தது. ஆட்டம் தொடங்கியதும் அவன் அடித்த பந்தில் முக்கால்வாசி எனக்குத்தான் வந்தது. ‘அவுட்’ என்று விட்டேன், உள்ளே விழுந்தது. இது உள்ளே விழும் என்று எடுக்கப் போனேன், வெளியே போனது. கூட்டம் என்னைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஒருவனிடம் அத்தனை சந்தோஷமாக நான் தோற்றதே கிடையாது.

ராவுத்தர் மட்டும் ஆட்டம் முழுக்கச் சிரிக்கவும் இல்லை, கை தட்டவும் இல்லை. இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு பந்து போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

கடைசிப் பந்து விழுந்தது. மில்காரர்கள் கனியைத் தூக்கிக்கொண்டார்கள். அவன் திமிறிக் கீழே குதித்து, நெட்டுக்கு அடியில் புகுந்து எங்களிடம் ஓடி வந்துகொண்டிருந்தான். ராவுத்தர் வரதண்ணாவின் கையைப் பிடித்தார்.

“முடிஞ்சிருச்சா சாமி?”

“முடிஞ்சுடுத்து பாய்.”

“தோத்தது நம்மளா?”

“நாமதான் பாய்.”

“ஜெயிச்சது?”

வரதண்ணா ஓடி வருகிறவனைப் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. “அதுவும் நாமதான்” என்றார்.

அப்போதுதான் ராவுத்தர் எழுந்து நின்று கை தட்டினார்.